மதினி கேட்டதும் மாணவி கேட்டதும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பெண்பிள்ளைகள் பொறுமையாகப் படியுங்கள். ஆண்பிள்ளைகள் படித்துவிட்டு வீட்டில் அம்மாவிடமும் மனைவியிடமும் சொல்லுங்கள்.

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒரு மாணவி போன் செய்தாள். 1996-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள். இப்போது அங்கே கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறாள். "டீச்சர், எங்க ஏரியாவுல கேம்ப் போடுறாங்க. மார்புல கட்டி இருக்கான்னு கேமரா வச்சுப் பாப்பாங்களாம். தொடக்கூட மாட்டாங்களாம். கம்ப்யூட்டரே பாத்துச் சொல்லிருமாம். போகலாமா, நம்பலாமா?" என்று கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டேன். உடனே பதில் சொல்ல எனக்குப் பயம். ஒரு தடவை உடனே பதில் சொல்லித்தான் பெரிய தப்புச் செய்தேன்.

1992 கோடை விடுமுறை. பம்பாய் தாராவியிலிருந்து என் மதினி பிள்ளைகளோடு ஊருக்கு வந்திருந்தாள். அண்ணனுக்குத் தோல் பட்டறையில் வேலை. மதினி விடியற்காலையில் இட்லி அவித்துத் தெருவில் விற்றுக் குடும்பத்தைத் தாங்கியவள். வயது 38. ஒருநாள் கிணற்றடியில் மெதுவாகச் சொன்னாள்: "மார்புல கோலிக்குண்டு மாதிரி ஒண்ணு தட்டுப்படுது. வலியே இல்ல. நீ படிச்சவளாச்சே, என்னவா இருக்கும்?" கடைசிப் பிள்ளை பால் மறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. "பால் கட்டியிருக்கும் மதினி, தானா கரைஞ்சிரும்" என்றேன். வலி இல்லாத கட்டிதான் அதிகம் கவனிக்க வேண்டியது என்பது ஆசிரியப் பயிற்சி முடித்த எனக்குத் தெரியவில்லை. அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நோய் எலும்பு வரை பரவியிருந்தது. 1993 முடிவதற்குள் போய்விட்டாள்.

அதனால்தான் இந்தத் தடவை படித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். வரலாறு பாடம் நடத்தியவள் ஆயிற்றே, ஆரம்பத்திலிருந்தே தொடங்கினேன்.

1913-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர், அறுத்து எடுக்கப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, புற்றுநோய் படத்தில் எப்படித் தெரியும் என்று எழுதினார். அவர் யூதர். பின்னாளில் ஹிட்லர் ஆட்சியில் வேலையை இழந்து நாட்டை விட்டே ஓட வேண்டியிருந்தது. அந்த ஆராய்ச்சியும் பல காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1960-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஈகன் என்ற மருத்துவர் தெளிவான படம் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இதைத்தான் இன்று மாமோகிராம் என்கிறோம்.

படம் எடுத்தால் உயிர் பிழைக்குமா என்பது அடுத்த கேள்வி. 1963-ல் நியூயார்க்கில் சுமார் 62,000 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. அதை நடத்தியவர்களில் ஒருவரான பிலிப் ஸ்ட்ராக்ஸ், தன் மனைவியை இதே நோய்க்கு இளவயதிலேயே பறிகொடுத்தவர். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பணக்கார நாடுகள் இந்த வழியைப் பிடித்துக்கொண்டன.

ஆனால் மாமோகிராமுக்கு விலை உயர்ந்த கருவி வேண்டும், படத்தைப் பார்த்துச் சொல்ல அனுபவமுள்ள மருத்துவர் வேண்டும். இளம் பெண்களின் மார்பகம் அடர்த்தியானது. படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. நம் நாட்டிலோ இந்த நோய் மேலைநாடுகளைவிடச் சுமார் பத்து வயது முன்னாலேயே வருகிறது.

பிள்ளைகளே, 1998-ஐ மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஆண்டில் இரண்டு காரியங்கள் தொடங்கின.

முதலாவது அமெரிக்காவில். மாமோகிராம் படத்தைப் பார்த்துச் சந்தேகமான இடத்தைக் காட்டும் கணினிக்கு அந்நாட்டு அரசு அனுமதி கொடுத்தது. ஆயிரக்கணக்கான ஆஸ்பத்திரிகள் அதை வாங்கின. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2007-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, அந்தக் கணினி தேவையில்லாத சந்தேகங்களையும் ஊசிப் பரிசோதனைகளையும் கூட்டியதே தவிர, நோயைக் கண்டுபிடிப்பதில் தெளிவான முன்னேற்றம் தரவில்லை என்று சொன்னது.

இரண்டாவது நம் மும்பையில். டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர் இந்திரனீல் மித்ராவும் அவர் குழுவினரும் நகரத்தின் ஏழை மக்கள் வாழும் 20 பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 35 முதல் 64 வயது வரை 1,51,538 பெண்கள். பாதிப் பகுதிகளில் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை, நான்கு சுற்றுப் பரிசோதனை. கருவி எதுவும் கிடையாது, கைதான். பார்த்தவர்கள் மருத்துவர்கள் அல்ல. இதற்கென்றே பயிற்சி கொடுக்கப்பட்ட பெண் சுகாதாரப் பணியாளர்கள். பரிசோதனையோடு நோயைப் பற்றிய விவரங்களையும் எடுத்துச் சொன்னார்கள். அதன் பிறகும் விடாமல், மொத்தம் 20 ஆண்டுகள் அந்தப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள்.

2021-ல் முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த பகுதிகளில் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 100-க்கு 37 பேர். மற்றப் பகுதிகளில் 47 பேர். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. எல்லா வயதையும் சேர்த்தால் 15 சதவீதம்தான். அதுவும் கணக்குப்படி உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. 50-க்குக் கீழ் சாவு குறையவில்லை. என் மதினிக்கு 38 என்று நினைத்தபோது இந்த வரி என்னைச் சுட்டது. ஆனாலும் படித்த எனக்குத் தெரியாத ஒன்றை, பயிற்சி பெற்ற ஒரு பணிப்பெண் குடிசைப் பகுதியில் உட்கார்ந்து ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு என் வணக்கம்.

இனி ஏ.ஐ. என்கிற செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். பரீட்சைப் பேப்பர் திருத்தப் புது ஆசிரியரை எப்படிப் பழக்குவோம்? ஏற்கெனவே திருத்திய பேப்பர்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்து, "எதற்கு எவ்வளவு மார்க் போட்டிருக்கிறது பார்" என்போம். அதேபோல், முடிவு தெரிந்த படங்களை ஏராளமாகக் காட்டிக் கணினியைப் பழக்குகிறார்கள். 1998-ன் கணினியைவிட இது கெட்டிக்காரப் பிள்ளை. ஸ்வீடனில் ஒவ்வொரு மாமோகிராமையும் இரண்டு மருத்துவர்கள் பார்ப்பது வழக்கம். அங்கே 80,000 பெண்களிடம் நடந்த ஆய்வின் முதல் முடிவு 2023-ல் வந்தது. வழக்கமான முறையில் ஆயிரம் பேரில் 5 பேருக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டது, ஏ.ஐ. துணையோடு 6 பேருக்கு. மருத்துவர்கள் படம் பார்க்கும் வேலையும் 44 சதவீதம் குறைந்தது.

ஆனால் அங்கே கணினிக்குப் பக்கத்தில் மருத்துவர் இருக்கிறார். கணினி பழகியது எந்த ஊர்ப் பெண்களின் படத்தை வைத்து என்பதும் முக்கியம். நம் ஊர்ப் பெண்களிடம் சோதித்துப் பார்க்காமல் அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்துவிட முடியாது.

மாணவி சொன்ன கேமரா வேறு வகை. கட்டி வளரும் இடத்தில் இரத்த ஓட்டம் கூடும், சூடும் கொஞ்சம் கூடும். அந்தச் சூட்டைப் படமெடுத்துக் கணினி பார்த்துச் சொல்கிறது. பெங்களூரிலேயே 2016-ல் கீதா மஞ்சுநாத் என்ற கணினி விஞ்ஞானி தொடங்கிய 'நிராமை' நிறுவனம் இந்த வழியில்தான் போகிறது. கதிர்வீச்சு இல்லை, யாரும் தொடுவதில்லை, கருவியை எங்கும் எடுத்துப் போகலாம். கூச்சத்தாலேயே செத்துப்போன மதினிகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் இந்தச் சூட்டுப் படத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1956-லேயே கனடாவில் ரே லாசன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். 1970-களில் அமெரிக்காவின் ஒரு பெரிய பரிசோதனைத் திட்டத்தில் இதைச் சேர்த்து, நோயை அதிகம் தவறவிடுகிறது என்று பாதியில் நிறுத்தினார்கள். மாமோகிராமுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தும் இருக்கிறது. இன்றைய கணினி அந்தக் குறையைச் சரிசெய்யும் என்கிறார்கள். நல்லதே நடக்கட்டும். ஆனால் மும்பை போல 20 ஆண்டுகள் பொறுத்திருந்து உயிர்க்கணக்குப் பார்த்த ஆய்வு இதற்கு இன்னும் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2022-ல் நம் நாட்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது. 98,000 பேர் இறந்தார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இங்கே எந்தப் பரிசோதனை உசத்தி என்ற சண்டைக்கு முன்னால், ஏதாவது ஒரு பரிசோதனை அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாணவியைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்:

"போம்மா. தாராளமாப் போ. ஆனா மூணு கேள்வி கேட்டுட்டுப் போ. ரிசல்ட்டை யார் எப்போ சொல்லுவாங்க? சந்தேகம்னு வந்தா அடுத்து எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க? அங்க ஆகுற செலவு யாரோடது? அந்தக் கம்ப்யூட்டர் உனக்கு நோய் இருக்குன்னு முடிவு சொல்லாது. யார் அடுத்த டெஸ்டுக்குப் போகணும்னு பிரிச்சுக் காட்டும், அவ்வளவுதான். ஒண்ணும் இல்லைன்னு அது சொல்லியும் உன் கைக்குக் கட்டி தட்டுப்பட்டா, உன் கையை நம்பு. மறுநாளே டாக்டர்கிட்ட போ."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிட்டுப் போறேன் டீச்சர். அவங்களுக்கு ஏதோ இருக்குன்னு ரெண்டு மாசமாச் சொல்லிட்டிருக்காங்க" என்றாள்.

"கேம்ப் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றேன்.

திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அழைத்துப் போயிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் சொல்வாள்.

மதினிக்கு அன்று நான் கொடுத்தது தப்பான விடை. அவளிடம் அதைத் திருத்திச் சொல்ல இனி வழியில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன். வலிக்கவில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால், பால் கட்டி என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் டீச்சர்