மலேசியத் தமிழ்க் குறும்புனைவும் இதழாசிரியர் மறுமொழியும்: கதை வகுப்பு முதல் இணைய இதழ் வரை

முன்னுரை

மலேசியத் தமிழ்ச் சிறுகதை வரலாற்றை எழுதுவோர் அச்சேறிய கதைகளையே முதன்மைச் சான்றாகக் கொள்வது வழக்கம். அக்கதைகள் இதழுக்கு எவ்வாறு சென்றன, அனுப்பியவர் என்ன மறுமொழி பெற்றார் என்னும் வினாக்களும் இலக்கிய வரலாற்றுக்கு உரியனவே. இக்கட்டுரை அவ்வினாக்களை முன்வைத்து, அஞ்சலுறை முதல் மின்னஞ்சல் வரையிலான மாற்றத்தை நோக்குகிறது. அனுப்பும் வழி மாறியதைக் காட்டிலும் படைப்பாளி பெற்ற மறுமொழியின் தன்மை மாறியதே ஆழ்ந்த விளைவுடையது என்பது நம் கருத்து.

அச்சிதழ்களும் கதை வகுப்பும்

மலாயாவில் தமிழ்ப் புனைவு தொடக்கத்திலிருந்தே இதழ்களைச் சார்ந்து வளர்ந்தது. 1880களில் நாகூர் குலாம் காதிறு நாவலரின் ‘வித்தியா விசாரிணி’ பினாங்கில் வெளிவந்தது. சிங்கப்பூரில் சி. கு. மகுதூம் சாயபு 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ இதழிலேயே அவருடைய ‘விநோத சம்பாஷணை’ 1888இல் இடம்பெற்றது. அங்கு இதழாசிரியரே எழுத்தாளராகவும் விளங்கினார். வாசகரே எழுத்தாளராகும் நிலை 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’, 1935இல் தோன்றிய ‘தமிழ் முரசு’ ஆகிய நாளிதழ்களால் விரிவடைந்தது.

இவ்வகையில் 1950இல் தமிழ் நேசன் தொடங்கிய ‘கதை வகுப்பு’ தனித்துக் குறிப்பிடத்தக்கது. சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் இருவரும் இதனை நடத்தினர். புதியவர்கள் அனுப்பிய கதைகள் மதிப்பிடப்பட்டன, குறைகள் சுட்டப்பட்டன, எழுதும் முறையும் கற்பிக்கப்பட்டது. பயிற்சிக்கு வேறு வாய்ப்பில்லாத தோட்டப்புறத்து இளைஞருக்கு நாளிதழே பள்ளியாயிற்று. போருக்குப் பிந்திய தலைமுறையில் பல சிறுகதையாளர்கள் உருவாக இம்முயற்சி துணைபுரிந்தது. பின்னர் 1970களில் அதே நாளிதழ் மேற்கொண்ட பவுன் பரிசுத் திட்டமும், மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டிகளும் எழுதுவோரை ஊக்குவித்தன. எனினும் போட்டியின் தன்மை வேறு. பரிசு பெற்றவர் தம் தகுதியை அறிந்தார்; பெறாதவர் தம் குறையை அறிய வழியில்லை.

இணைய இதழின் வருகை

இணையத்தில் தமிழ்ப் படைப்பை அனுப்புவதற்கு முதலில் எழுத்துருச் சிக்கல் தடையாக நின்றது. அனுப்புநரும் பெறுநரும் வெவ்வேறு குறியீட்டு முறைகளைக் கையாண்டால், கதை பொருளற்ற குறிகளின் வரிசையாகவே சென்று சேர்ந்தது. மலேசியரான முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’ மென்பொருள் தட்டெழுதும் பணியை எளிதாக்கியது. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. பின்னர் யூனிகோடு பரவியதும் இத்தடை பெரிதும் நீங்கியது.

சட்டமும் இங்குக் கருதத்தக்கது. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி அச்சிதழ் நடத்துவோர் உள்துறை அமைச்சின் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டுப் புதுப்பிப்பு 2012இல்தான் நீக்கப்பட்டது. இணைய இதழ்களுக்கு அவ்வுரிமம் தேவைப்படவில்லை. அச்சுச் செலவும் பக்க வரையறையும் இல்லை. ம. நவீன் ஆசிரியராக இருந்து 2007இல் அச்சில் தொடங்கிய ‘வல்லினம்’ 2009இல் இணைய இதழாக மாறியது இச்சூழலிலேயே ஆகும்.

இதனால் படைப்பாளியின் இருப்பிடம் பொருட்டற்றதாயிற்று. 1972இல் அமைந்த பாயான் லெப்பாஸ் தொழில்பேட்டையை அடுத்து வளர்ந்த நகரம் பாயான் பாரு. அங்குள்ள தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வீடு திரும்பும் ஒருவர், விடியுமுன் தம் குறுங்கதையைக் கோலாலம்பூருக்கோ சென்னைக்கோ டொராண்டோவுக்கோ அனுப்பிவிட இயலும்.

ஆயினும் அனுப்புதல் எளிதானதனாலேயே மறுமொழி எளிதாகிவிடவில்லை. ஊதியமின்றி, பிற பணிகளுக்கிடையே இதழ் நடத்துவோர் வந்து குவியும் ஒவ்வொரு படைப்புக்கும் விரிவாக விடையளித்தல் அரிது. மறுபுறம், இதழாசிரியருக்காகக் காத்திராமல் தாமே வெளியிட்டுக்கொள்ளும் வாய்ப்பும் எழுத்தாளருக்கு உண்டு. கதை வகுப்பு வழங்கிய திருத்தம் இவ்விரண்டுக்கும் இடையே நழுவிப்போகிறது.

முடிவுரை

தமிழ் நேசன் 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நின்றுவிட்டது. எனினும் அதன் பழைய இதழ்களைக் கொண்டு கதை வகுப்பில் கூறப்பட்டவற்றை ஆராய முடியும்; அங்குத் திருத்தமும் அச்சேறியது. இன்று ஓர் ஆசிரியர் மின்னஞ்சலில் கூறும் திருத்தம் பெறுபவரின் அஞ்சற்பெட்டியோடு அழிந்துவிடக்கூடும். தளத்தைப் பேணுவார் இல்லையெனில் வெளிவந்த கதையும் மறையும். எனவே தமிழாசிரியர்கள் தம் மாணவர் இணைய இதழ்களுக்கு அனுப்பும் கதையின் முதல் வரைவையும், பெற்ற மறுமொழியையும், திருத்திய வடிவத்தையும் ஒருங்கே சேமித்து வைக்கப் பழக்குதல் வேண்டும். மறுமொழி வராவிடத்து அதனை எழுதித் தரும் கடமையும் வகுப்பறையைச் சார்ந்ததே. அன்று நாளிதழ் பள்ளியின் பணியை ஏற்றது. இன்று அப்பணி பள்ளிக்கே மீண்டு வந்துள்ளது எனலாம்.