இராமேசுவரப் பெருஞ்சிலந்தி

இராமேசுவரப் பெருஞ்சிலந்தி என்பது தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், இராமேசுவரம் தீவிலும் அதையொட்டிய கடற்கரைப் பகுதியிலும் காணப்படும் மரவாழ் சிலந்தி இனம் ஆகும். இதன் அறிவியல் பெயர் பொயிகிலோதேரியா ஹனுமவிலாசுமிக்கா. டாரன்டுலா எனப் பொதுவாக அழைக்கப்படும் பெருஞ்சிலந்திகளின் குடும்பமான தெரபோசிடேயைச் சேர்ந்தது. 2004 ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ சுமித் என்பவர் இதனைப் புதிய இனமாக விவரித்தார். நான்கே ஆண்டுகளில், 2008 இல், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் மிக அருகிய இனமாக இது சேர்க்கப்பட்டது.

பெயர்

பேரினப் பெயர் 'பல நிறக் கோலம் கொண்ட', 'விலங்கு' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையாகும். இனப்பெயர் முற்றிலும் உள்ளூரைச் சேர்ந்தது. இச்சிலந்தி முதலில் கண்டறியப்பட்ட, இராமேசுவரத்திலுள்ள அனுமவிலாசம் கோயிலின் தோப்பே இலத்தீன் விகுதி பெற்று 'ஹனுமவிலாசுமிக்கா' ஆயிற்று. ஒரு சிறு கோயிலின் பெயர் இவ்வாறு உலக விலங்கியல் பட்டியலில் இடம்பெறுவது அரிது.

உடலமைப்பு

இப்பேரினத்தில் ஏறத்தாழ 15 இனங்கள் உள்ளன. அவை அனைத்தும் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கின்றன. மேற்புறம் சாம்பல், கறுப்பு, வெள்ளை நிறங்கள் கலந்து மரப்பட்டையைப் போன்றே தோன்றும். வயிற்றின் மேல் இலை வடிவக் கோலம் ஒன்று நீளவாக்கில் அமைந்திருக்கும். பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும் சிலந்தியை அருகில் நிற்பவரும் எளிதில் காண இயலாது. மிரட்டப்படும்போது முன்கால்களைத் தூக்கும். அப்போதுதான் அவற்றின் அடிப்பகுதியிலுள்ள பளிச்சென்ற மஞ்சள் நிறம் வெளிப்படும். கால்களின் அடிப்புறக் கோலங்களைக் கொண்டே வல்லுநர்கள் இனங்களைப் பிரித்தறிகின்றனர்.

வீட்டுச் சிலந்திகளின் நச்சுக்கொடுக்குகள் இடுக்கி போல எதிரெதிராக அசைபவை. பெருஞ்சிலந்திகளுடையவை ஒன்றுக்கொன்று இணையாகக் கீழ்நோக்கிப் பாய்கின்றன. மூச்சுவிட இரண்டு இணை ஏட்டு நுரையீரல்கள் உள்ளன.

வாழ்முறை

இது வலை பின்னி இரை பிடிப்பதில்லை. பகலில் மரப்பொந்துக்குள்ளோ பட்டை இடுக்கிலோ பதுங்கியிருந்து, இரவில் வாயிலருகே காத்திருந்து பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும். நூலைப் பெரும்பாலும் உறைவிடத்தின் உட்புறத்தை மெழுகவும் முட்டைப்பையை உருவாக்கவும் பயன்படுத்துகிறது. பெண் சிலந்திகள் பல ஆண்டுகள் வாழும். ஆண் சிலந்திகள் முதிர்ச்சியடைந்ததும் பொந்தை விட்டு வெளியேறித் துணை தேடி அலைந்து, விரைவில் இறந்துவிடும்.

பொந்து என்பது நினைத்தவுடன் கிடைக்கும் பொருள் அன்று. கிளை ஒடிந்து, உள்மரம் மக்கி, குழி விழுவதற்கு மரம் முதுமையடைய வேண்டும். ஒரு பழைய புளியமரத்தை வெட்டிவிட்டு அதற்கு ஈடாகப் பத்துக் கன்றுகளை நட்டாலும் இச்சிலந்திக்கு அவற்றால் பல பத்தாண்டுகளுக்குப் பயன் இல்லை.

குகைவாழ் சிலந்திகளோடு இதனை ஒப்பிடலாம். 2012 இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலக் குகைகளிலிருந்து விவரிக்கப்பட்ட துரோக்லோராப்டர் ஒரு புதிய குடும்பமாகவே வகைப்படுத்தப்பட்டது. அதே ஆண்டில் லாவோசிலிருந்து கண்களே இல்லாத சைனோபோடா சுகூரியன் விவரிக்கப்பட்டது. குகைச் சிலந்திகளைப் பாறை அடைத்து வைத்திருக்கிறது. இராமேசுவரச் சிலந்தியை அடைத்து வைத்திருப்பவை கடலும், தோப்புகளுக்கிடையே உள்ள மரமற்ற வெளியும் ஆகும்.

அழியும் நிலை

சிவப்புப் பட்டியல் மதிப்பீட்டின்படி இது உண்மையில் குடியிருக்கும் பரப்பு 6 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அப்பரப்பும் தொடர்ச்சியானதன்று. புளி, தென்னை, பனை உள்ளிட்ட மரங்களைக் கொண்ட சிறு தோப்புகளாக அது சிதறிக் கிடக்கிறது. இராமேசுவரம் ஆண்டு முழுவதும் யாத்திரிகர்கள் வந்து செல்லும் ஊர் ஆதலால், தோப்புகள் வீட்டுமனைகளாகவும் கட்டடங்களாகவும் மாறுவதே முதன்மையான அச்சுறுத்தல் ஆகும். காப்புக்காட்டில் வாழும் உயிரினத்திற்கு வனத்துறையின் காவல் உண்டு. தனியார் தோப்பில் வாழும் உயிரினத்தின் எதிர்காலம் தோப்பின் உரிமையாளரைச் சார்ந்தே உள்ளது.

அழகிய கோலங்களால் இப்பேரினச் சிலந்திகளை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் செல்லப்பிராணிகளாக வளர்க்கின்றனர். 2019 இல் செனீவாவில் நடந்த அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கை மாநாட்டில் இப்பேரினம் முழுவதும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டது. இதன்படி நாடுகளிடையே இவற்றை விற்க அனுமதிச் சான்று தேவை.

மற்றோர் இடர் அச்சத்தால் அடித்துக் கொல்லப்படுவது. இப்பேரினச் சிலந்திகள் கடித்து மனிதர் எவரும் இறந்ததாகப் பதிவு இல்லை. எனினும் கடி பொருட்படுத்தத் தகாதது என்பதும் சரியன்று. கடுமையான வலியும், சிலருக்கு நாட்கணக்கில் நீடிக்கும் தசைப்பிடிப்பும் ஏற்படுவதை மருத்துவ ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. எனவே கடிபட்டவர் மருத்துவரை அணுகுவது நல்லது. சிலந்தியைக் கையில் எடுக்காமல் விட்டுவிட்டால் அது தானாகவே விலகிச் செல்லும்.

இலங்கையில்

நெடுங்காலம் இந்தியாவுக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட இவ்வினம், பின்னர் இலங்கையின் மன்னார் பகுதியிலும் இருப்பது கண்டறியப்பட்டு 2015 இல் அறிவிக்கப்பட்டது. இராமேசுவரத்திற்கும் மன்னாருக்கும் இடையே இராமர் பாலம் எனப்படும் மணல்திட்டுகளின் தொடர் உள்ளது. கடைசிப் பனியூழிக் காலத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழங்குறைந்த இப்பகுதி அப்போது நிலமாக இருந்தது. பறக்கவோ நீந்திக் கடல் கடக்கவோ இயலாத ஒரு சிலந்தி இரு கரைகளிலும் வாழ்வதற்கு அந்நிலத் தொடர்பே பொருத்தமான விளக்கமாகும்.