கடலும் மந்திரமும்

நாம் செய்வது வழிபாடு. அயலார் செய்வது மூடநம்பிக்கை. இவ்வாறு எண்ணாத மக்கட் கூட்டம் உலகில் அரிது. பிறருடைய சமயத்தையும் சடங்கையும் மந்திரத்தையும் கலையையும் இந்தத் தராசில் நிறுத்தால் நிறை சரியாகுமா? மானிடவியல் அறிஞர்கள் இவ்வினாவோடு போராடிய வரலாற்றில் ஒரு பகுதியை இங்கே காண்போம்.

1871 ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் டைலர், ஆவிகள் உண்டென்னும் நம்பிக்கையே சமயத்தின் வித்து என்றார். கனவையும் சாவையும் கண்டு வியந்த ஆதி மனிதன், உடலினின்று பிரியும் உயிரொன்று உண்டெனக் கருதினான் என்பது அவர் கொள்கை. 1890 இல் பிரேசர் தம் பெருநூலை வெளியிடத் தொடங்கினார். மனித சிந்தனை முதலில் மந்திரம், அடுத்துச் சமயம், இறுதியில் அறிவியல் என மூன்று படிகளில் ஏறியது என்று அவர் கருதினார். இவ்விருவரும் பெரிதும் நம்பியது பயணிகளும் பாதிரிமார்களும் அதிகாரிகளும் எழுதி அனுப்பிய செய்திகளையே. அவர்கள் வகுத்த ஏணியில் மந்திரம் ஓதுவோன் எப்போதும் அடிப்படியிலேயே நின்றான்.

அந்த ஏணியை அசைத்தவர்களுள் ஒருவர், போலந்தில் பிறந்த மாலினோவ்ஸ்கி. 1914 இல் உலகப் போர் மூண்டபோது அவர் ஆஸ்திரேலியாவில் இருந்தார். ஆஸ்திரியக் குடிமகனாதலின் சட்டப்படி அவர் பகைநாட்டவர். ஆயினும் ஆராய்ச்சியைத் தொடர அரசு இசைந்தது. நியூகினிக்குக் கிழக்கே, இன்று பப்புவா நியூகினி நாட்டைச் சேர்ந்த திரோபிரியாந்துத் தீவுகளில், 1915 முதல் 1918 வரை இருமுறை தங்கினார். ஊர் நடுவே கூடாரம் அடித்து, தீவினர் மொழியைக் கற்று, அவர்தம் அன்றாட வாழ்வை அருகிருந்து நோக்கினார்.

அவர் கண்டது என்ன? தீவை அடுத்த அமைதியான காயலில் மக்கள் நஞ்சிட்டு மீன் பிடித்தனர். அங்கே இடரில்லை, பலனும் உறுதி, ஆகவே மந்திரமும் இல்லை. ஆனால் அலை புரளும் திறந்த கடலில், உயிருக்கும் உறுதியில்லாத இடத்தில், மீன்பிடிப்புக்கு விரிவான மந்திரச் சடங்குகள் இருந்தன. கிழங்குத் தோட்டத்திலும் இதே நிலைதான். மண்ணின் தன்மையும் விதையின் தரமும் வேலியின் வலிமையும் உழவன் அறிவான். மந்திரம் ஓதிவிட்டால் வேலி தானே எழும்பும் என்று அவன் சோம்பியிருக்கவில்லை. மழையும் பூச்சியும் அவன் கைக்கு அடங்கா; அவற்றுக்காகவே மந்திரம். ஆக, மந்திரம் அறிவின் இடத்தைப் பறித்துக்கொள்ளவில்லை. அறிவின் எல்லை முடியுமிடத்தில் நின்று மனத்துக்கு உறுதி தந்தது. ஓடம் கட்டுகையில், இன்ன வேலை இன்ன முறையில் நிகழவேண்டும் எனப் பலரை ஒருங்கிணைத்ததும் அதுவே.

இத்தீவினர் நெடுங்கடல் கடந்து செந்நிறக் கிளிஞ்சல் மாலைகளையும் வெண்ணிறக் காப்புகளையும் அயல்தீவுத் தோழர்களோடு மாற்றிக்கொள்வர். இதற்குக் ‘குலா’ என்று பெயர். குலா ஓடங்களின் முகப்புப் பலகைகள் நுண்ணிய சிற்ப வேலையும் வண்ணமும் கொண்டவை. அவை வெறும் அழகுக்காகவா? கரையில் நிற்கும் தோழனின் கண்ணைக் கூசச்செய்து, அவன் தன் சிறந்த பொருளைக் கொடுக்குமாறு மயக்கும் கருவிகள் அவை என்று ஆல்ஃபிரட் ஜெல் 1992 இல் விளக்கினார். கலை எங்கே முடிகிறது, மந்திரம் எங்கே தொடங்குகிறது என்று அங்கே கோடு கிழிக்க இயலாது.

இத்துடன் கதை முடிந்துவிடவில்லை. மாலினோவ்ஸ்கி மறைந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1967 இல் அவருடைய நாட்குறிப்பு அச்சேறியது. தாம் ஆராய்ந்த மக்கள்மீது அவர் கொண்ட சினமும் இகழ்ச்சியும் அதில் வெளிப்பட்டன. 1971 இல் அதே தீவுகளுக்குச் சென்ற அன்னெட் வைனர் என்னும் அமெரிக்கப் பெண்மணி மற்றொன்றைக் கண்டார். இறப்புச் சடங்குகளில் பெண்கள் உலர்ந்த வாழையிலைக் கட்டுகளைப் பெருஞ்செல்வமாகப் பகிர்ந்தளித்தனர். பெண்களின் இச்செல்வத்தின் சிறப்பை முன்னவர் உணரவில்லை. உடன் வாழ்ந்தவர் கண்ணுக்கும் ஒரு பாதி மறைந்தே இருந்தது!

எனவே, இளைஞர்களே, பிறர் சடங்கொன்றைக் காணும்போது ‘இது மெய்யா, பொய்யா?’ என்று உடனே தீர்ப்புரைக்க விரையவேண்டா. இது எந்த அச்சத்தின் எல்லையில் நிற்கிறது? யாரை யாரோடு பிணைக்கிறது? இதில் நம் கண்ணுக்குத் தப்பியவர் எவர்? இம்மூன்றையும் கேளுங்கள். அவ்வாறு கேட்கப் பழகியவன் பிறரை மட்டுமன்று, தன்னையும் அறியத் தொடங்குவான்.