புலிக்குச் சமமான பவளம்



பவளம் கல் அல்ல, உயிர். ஓடி ஒளிய முடியாததால் தன்னைத் தின்ன வருபவற்றை விரட்ட உடம்பிலேயே வேதிப்பொருள் செய்துகொள்கிறது. வெயில் எட்டாத ஆழ்கடலிலும் பவளம் உண்டு. கடல் விசிறியும் அதற்குச் சொந்தம்தான்.

1969-இல் வைன்ஹைமர், ஸ்ப்ராகின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கரீபியன் பக்கத்துக் கடல் விசிறி வகை ஒன்றில் புரோஸ்டாகிளாண்டின் ஏராளமாக இருப்பதைக் கண்டார்கள். நம் உடம்பில் துளியாகச் சுரந்து காய்ச்சலிலும் பிரசவ வலியிலும் வேலை செய்கிற பொருள் அது. அதே இனத்தில் இடத்துக்கு இடம் அதன் அமைப்பு சற்று மாறுவதும் பிறகு தெரிந்தது.

அந்தக் காலத்தில் நாம் என்ன செய்தோம்? மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்குக் கொடுத்தோம். கடல் விசிறியைக் காயவைத்து ஏற்றுமதி செய்தோம். 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கின. 1986-இல் அங்கே கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 2001-இல்தான் பவளமும் கடல் விசிறியும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்தன.

படிக்காத புத்தகத்தை அடுப்பில் போட்ட கதை இது. மிச்சத்தைப் படிக்க நம் பரங்கிப்பேட்டையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள். காய்ந்த பவளத்தை அழகுக்கென்று யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

– உங்கள் ஆசிரியர், மஞ்சக்குப்பம்