பால்கன் நாடுகளில் பீன்ஸ் இலைப்பொறி

மூட்டைப்பூச்சித் தொல்லை மிகுந்த பால்கன் நாட்டு வீடுகளில், இரவில் கட்டிலைச் சுற்றித் தரையில் பீன்ஸ் இலைகளைப் பரப்பிவைத்து, குருதி தேடி ஊர்ந்து வந்து அவற்றில் சிக்கிய பூச்சிகளை விடிந்ததும் இலையோடு கூட்டியள்ளித் தீயிலிடும் வழக்கம் இருந்தது. இதில் நஞ்சுக்கு வேலையே இல்லை. டிரைக்கோம்கள், அதாவது இலைப்பரப்பிலுள்ள கொக்கி வடிவ நுண்மயிர்கள், பூச்சியின் கால்களைக் குத்தித் துளைத்து, அது திமிறத் திமிற இறுகப் பற்றிக்கொள்கின்றன. 1943இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர் ஒருவர் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதியபோதிலும், 1939இல் பால் முல்லர் பூச்சிகொல்லியாக இனங்கண்ட டிடிடி இரண்டாம் உலகப் போருக்குப்பின் வீடுகளுக்குள் நுழைந்ததால், அவ்வாய்வு கவனிப்பாரற்றுப் போனது. டிடிடியின் வெற்றியோ அற்பாயுள். 1940களின் இறுதியிலேயே ஹவாயில் அதற்கு மசியாத மூட்டைப்பூச்சிகள் தென்பட்டன. 2013இல் ஆய்வாளர்கள் அந்நுண்மயிர்களைச் செயற்கையாக வார்த்தும், அவை மெய்யான இலையைப்போல் பூச்சியைப் பிடித்துநிறுத்தவில்லை.