டெல்ஃப்டும் நெடுந்தீவும்

ஆம்ஸ்டர்டாமில் இருந்து ரயிலில் ஒரு மணி நேரம். டெல்ஃப்ட் சின்ன ஊர்தான். காலையில் போனால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். வருகிறவர்கள் தேடுவது ஓவியர் வெர்மீரையும் நீலப் பீங்கானையும். வங்கிக்காரன் புத்தி, நான் தேடியது ஒரு கம்பெனியின் பழைய அலுவலகத்தை.

அவுடே டெல்ஃப்ட் வாய்க்கால் கரையில் இருக்கிறது அந்தக் கிழக்கிந்திய மாளிகை. 1602-ல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு ஊர்களில் பங்கு திரட்டினார்கள். சேர்ந்தது சுமார் 64 லட்சம் கில்டர். அதில் டெல்ஃப்ட் போட்டது சுமார் 4.7 லட்சம்.

அந்தப் பணம் நம்ம கரைக்கும் வந்தது. 1613-ல் பழவேற்காட்டில் கோட்டை. 1658-ல் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் போர்த்துகீசியரிடமிருந்து கைமாறின. சோழமண்டலத் துணியைக் கொடுத்துத்தான் கீழைத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். பஞ்ச காலத்தில் நம் மக்களையே அடிமைகளாக விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார்கள். கணக்குப் புத்தகத்தில் அவர்களும் சரக்குதான்.

யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவுக்கு டச்சுக்காரர்கள் வைத்த பெயரும் டெல்ஃப்ட். ஆங்கில வரைபடங்களில் இன்றும் அதுதான்.

ஊர் அழகு, குறையே இல்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள், பீங்கான் தட்டு வாங்கிய கையோடு அந்த மாளிகை வாசலையும் காட்டி, இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். லாபம் வந்து சேர்ந்த இடம் அது. நஷ்டக் கணக்கு நம்ம பக்கம்தான் இருக்கிறது.