நான்காம் நாள் ஆட்டம்

'கூத்தாடி' என்ற சொல்லை நம் முன்னோர் தொழிற் பெயராகவும் வைத்திருந்தார்கள், வசையாகவும் வைத்திருந்தார்கள். இரவு முழுவதும் கண் கொட்டாமல் ஆட்டம் பார்ப்பது, விடிந்ததும் ஆடியவனுக்குத் திண்ணையில் இடம் கொடுக்க யோசிப்பது என்பது நம் ஊர்களில் வெகு காலம் இருந்துவந்த வழக்கம். இந்த விசித்திரமான நீதி நமக்கே உரியது என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மோலியேரின் சரித்திரத்தைப் படித்த பிறகுதான், கடல் கடந்த தேசத்திலும் இதே கதை, இதைவிடக் கடுமையாகவே, நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

மோலியேரை நாம் நாடகாசிரியராகவே அறிந்திருக்கிறோம். அவர் காலத்துப் பாரிஸ் ஜனங்களுக்கோ அவர் முதலில் நடிகர். கம்பெனிக்கு நாடகம் தேவைப்பட்டது, எழுதினார். எழுதிய நாடகத்தில் தாமே வேஷம் கட்டினார்.

அவருடைய இயற்பெயர் ழான் பாப்டிஸ்ட் போக்லான். 1622 ஜனவரி 15ஆம் தேதி பாரிஸில் ஞானஸ்நானம் பெற்றார். தகப்பனார் ஆசனங்களுக்கு உறையும் திரைச்சீலையும் தைத்துக் கொடுக்கும் வியாபாரி. அரண்மனையிலும் அதற்கென ஓர் உத்தியோகம் பெற்றிருந்தவர். மூத்த மகன் என்ற முறையில் அந்தப் பதவி பிள்ளைக்கு நிச்சயமாகியிருந்தது. நல்ல பள்ளியில் படிப்பு, கையில் உத்தியோகம், சொந்தத்தில் வியாபாரம். ஒரு தகப்பன் இதற்கு மேல் என்ன செய்து வைக்க முடியும்?

பிள்ளைக்கு 21 வயதானபோது, 1643இல், அத்தனையையும் உதறிவிட்டு நாடகக்காரர்களோடு சேர்ந்துகொண்டான். மாதலேன் பெஜார் என்ற நடிகையும் அவளுடைய உடன்பிறப்புகளும் மற்றும் சிலரும் கூடி ஒரு சபை தொடங்கினார்கள். 'புகழ்மிக்க நாடக சபை' என்று அதற்குப் பெயர். பெயரில் இருந்த புகழ் கொட்டகைக்கு வரவில்லை. கடன்தான் வந்தது. அந்த நாளில் மேடைக்கு வெளிச்சம் மெழுகுவர்த்திதான். மெழுகுவர்த்தி வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக்காக 1645இல் மோலியேர் சிறைக்குப் போனார். குடும்பத்தின் மானத்துக்காக மோலியேர் என்று புனைபெயர் வைத்துக்கொண்டாரோ என்னவோ, சிறையிலிருந்து மீட்ட கடனை அடைத்தவர் அந்தத் தகப்பனார்தான்.

இதோடு புத்தி வந்திருக்க வேண்டும் என்று உலகம் சொல்லும். மோலியேர் வீடு திரும்பவில்லை. தேசாந்தரம் புறப்பட்டார். ஏறக்குறைய 13 வருஷங்கள் பிரான்ஸின் தென்பகுதி ஊர்களில் அலைந்து ஆடினார். மனிதர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்ற பாடத்தை அந்த ஊர்களில்தான் அவர் படித்திருக்க வேண்டும். 1658 அக்டோபர் 24ஆம் தேதி, 20 வயது மன்னர் 14ஆம் லூயியின் முன்னால் லூவர் அரண்மனையில் ஆடும் வாய்ப்புக் கிடைத்தது. கொர்னேயின் துன்பியல் நாடகம் ஒன்றை முதலில் நடித்தார்கள். சபை சூடு பிடிக்கவில்லை. மோலியேர் முன்னால் வந்து வணங்கி, வெளியூர்களில் தாங்கள் ஆடிவந்த ஒரு சிறு கேலி நாடகத்துக்கு அனுமதி கேட்டார். மன்னர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கம்பெனிக்குப் பாரிஸில் ஒரு கொட்டகை கிடைத்தது.

தன் ஆட்களின் உடம்பை அறிந்து எழுதியவர் அவர். கம்பெனியில் ஒருவர் கால் தாங்கி நடப்பவர். அவர் ஏற்ற வேஷத்துக்கும் அந்த நடையையே கொடுத்துவிட்டார். தமக்கு நெஞ்சில் இருமல் பிடித்துக்கொண்டபோது, 1668இல் ஆடிய 'கஞ்சன்' நாடகத்தில் அந்த இருமலையும் கஞ்சனுக்கே கொடுத்தார். அது அவனுக்கு அழகாகப் பொருந்துகிறது என்று ஒருத்தி முகஸ்துதி செய்வாள். கொட்டகை சிரித்தது. நோயையும் சம்பளம் இல்லாத ஒரு நடிகனாகச் சேர்த்துக்கொண்டார் என்று சொல்லலாம்.

மன்னர் அவருடைய முதல் குழந்தைக்கு ஞானத்தந்தையாக இருந்தார். அது 1664இல். அதே வருஷம் பக்தி வேஷதாரிகளைத் தோலுரித்த 'தார்த்தூஃப்' நாடகம் தடை செய்யப்பட்டது. இவனை உயிரோடு கொளுத்த வேண்டும் என்று ஒரு பங்குக் குரு எழுதினார். தடை நீங்க 1669 ஆயிற்று.

அன்றைய பாரிஸில் ஒரு விதி இருந்தது. நடிகன் தன் தொழிலைக் கைவிடுவதாக வாக்குக் கொடுத்தாலொழிய அவனுக்கு இறுதிச் சடங்கு கிடையாது. மாதலேன் பெஜார் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு, 1672 பிப்ரவரி 17ஆம் தேதி இறந்தாள். மரியாதையோடு அடக்கம் ஆனாள். சுமார் முப்பது வருஷம் கூட நடித்தவளின் அந்த முடிவை மோலியேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பேனா மட்டும் போதும் என்று மேடையை விட்டு இறங்கியிருந்தால் அவருக்குக் கௌரவமும் ஓய்வும் கிடைத்திருக்கும். அவர் இறங்கவில்லை.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 1673 பிப்ரவரி 17. 'கற்பனை நோயாளி' நாடகத்தின் நான்காம் நாள். நல்ல உடம்போடு இருந்துகொண்டு நோயாளி என்று நம்பும் ஒரு மனிதனின் கதை அது. அந்த வேஷத்தில் மோலியேர். அன்று மார்வலி அதிகம். மனைவியும் ஓர் இளம் நடிகரும் அன்றைக்கு ஆட வேண்டாம் என்று கெஞ்சினார்களாம். 1705இல் அவர் சரித்திரத்தை எழுதிய கிரிமாரே அவருடைய பதிலைப் பதிந்திருக்கிறார்: கொட்டகையில் தினக்கூலியை நம்பி ஐம்பது ஏழைகள் இருக்கிறார்கள், ஆட்டம் நின்றால் அவர்கள் கதி என்ன?

கடைசிக் காட்சியில் சத்தியம் செய்யும் கட்டத்தில் அவருக்கு வலிப்புக் கண்டது. அதை ஒரு சிரிப்பில் மறைத்தார். ஆட்டம் முடிந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இருமலில் ரத்தம் வந்தது. பாதிரியாரை அழைக்க ஆள் போயிற்று. இரண்டு பாதிரியார்கள் வர மறுத்தார்கள். மூன்றாமவர் வந்து சேர்ந்தபோது உயிர் போயிருந்தது. வயது 51.

மனைவி அர்மாந்த் பேராயரிடம் மனுக் கொடுத்தாள்; மன்னரிடமும் முறையிட்டாள். மன்னர் சொன்ன பிறகு அனுமதி வந்தது: பொழுது சாய்ந்த பின், ஆடம்பரம் இல்லாமல், பூசை இல்லாமல். பிப்ரவரி 21 இரவில் அவரைப் புதைத்தார்கள். 24ஆம் தேதி கொட்டகையில் மறுபடி மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஐம்பது பேருக்கும் கூலி வேண்டுமே!

1680இல் மன்னரின் கட்டளைப்படி அவருடைய ஆட்களும் போட்டிக் கம்பெனியும் ஒன்றானார்கள். அதுதான் இன்றும் 'மோலியேரின் வீடு' என்று அழைக்கப்படும் பிரெஞ்சு தேசிய நாடக சாலை. கடைசி நாள் அவர் அமர்ந்து நடித்த நாற்காலியை அங்கே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 1879 வரை, அந்த வேஷத்துக்கு வந்த நடிகர்கள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து நடித்தார்கள்.

மண்ணில் ஆறடி கொடுக்க அத்தனை யோசித்தார்கள். அவன் உட்கார்ந்த ஆசனத்தை இருநூறு வருஷம் விடாமல் ஒருவர் மாற்றி ஒருவர் ஏற்றுக்கொண்டவர்கள், அவன் தொழிலைச் செய்தவர்கள்தான். நம் ஊர்த் திருவிழாவிலும் விடியற்காலையில் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு ஒருவன் தெருவழியே வரக்கூடும். கூப்பிட்டுத் திண்ணையில் உட்காரச் சொல்லி ஒரு செம்புத் தண்ணீர் கொடுங்கள். நம்மால் ஆகக்கூடிய மரியாதை அவ்வளவுதான். அதையாவது அவன் உயிரோடு இருக்கும்போதே செய்துவிடலாம்.